தாளம் போன தூரம்

கோவையில் பீளமேட்டுப் பக்கம் ஒரு கார் ஷெட் இருந்தது. உள்ளே ஓடாத அம்பாசடர் கார் ஒன்று நின்றது. காருக்கும் சுவருக்கும் நடுவே மூன்று பேர் உட்கார்ந்து வாசிக்க இடம் இருந்தது. அதனால் அங்கே ஓர் இசைக்குழு உண்டாயிற்று. 'ஆயில் கறை' என்று அதற்குப் பெயர்.

கிதார் வாசித்தவன் ஹாரூன். ஷெட் அவனுடைய அப்பாவுக்குச் சொந்தம். டிரம்ஸ் வாசித்தவர் நாச்சிமுத்து. அறுபது வயது. கல்யாணக் கச்சேரிகளில் பழகிய கை. கீபோர்டு வாசித்த யாமினிக்கு அவர் வயதில் பாதிகூட இல்லை. ஆனால் அவர் அவளைத்தான் 'குருவே' என்று கூப்பிட்டார். முதலில் கேலியாகக் கூப்பிட்டார். பிறகு கேலி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

முன்பு அவர்கள் ராக் பாட்டுகள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். பழைய டெக்னோ பாட்டுகளைக் கொண்டுவந்தவள் யாமினி. டெக்னோ என்பது யந்திரங்களைக் கொண்டு செய்த பாட்டு. ஒரே தாளம் நெடுநேரம் வந்துகொண்டிருக்கும். அதன்மேல் ஒலிகள் மேகம்போலச் சேரும், கலையும், மறுபடி சேரும்.

"மிஷின் வாசிச்சதை நாம கையால வாசிப்போம்" என்றாள் யாமினி.

"மிஷின் கோவிச்சுக்காதா, குருவே?"

"கோவிச்சா டிக்கியில போட்டுப் பூட்டிடலாங்ணா."

அந்தத் தாளம் நாச்சிமுத்துவுக்குப் பிடித்துப்போயிற்று. வாசிக்கும்போது அவர் கண்கள் பாதி மூடிவிடும். முகம், ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தவரின் முகம்போல ஆகிவிடும்.

ஒரே ஒரு குறை. அவருக்கு நிறுத்த வரவில்லை.

யாமினி தலையசைத்தால் மூவரும் நிறுத்த வேண்டும். அப்படித்தான் பேச்சு. அவள் தலையசைப்பாள். கீபோர்டு நிற்கும், கிதார் நிற்கும். டிரம்ஸ் மட்டும் போய்க்கொண்டே இருக்கும்.

"ணா!" என்று ஹாரூன் கத்துவான். அவர் தூக்கத்திலிருந்து எழுந்தவர்போல விழிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்லூரியில் அவர்களுடைய முதல் நிகழ்ச்சி. வெள்ளிக்கிழமை மாலை ஒத்திகையிலும் அப்படியே ஆயிற்று. ஹாரூன் தன் பையிலிருந்து ஒரு சிறு பெட்டியை எடுத்தான். வரிசையாகப் பொத்தான்கள் இருந்தன. டிரம்ஸ் வாசிக்கும் யந்திரம். நாச்சிமுத்து வாசிக்கும் தாளத்தை அதில் ஏற்றி வைத்திருந்தான்.

"தப்பா நினைக்காதீங்ணா. மேடையில இப்படி ஆச்சுன்னா சிரிச்சிருவாங்க. அன்னிக்கு மட்டும் இது வாசிக்கட்டும்."

நாச்சிமுத்து பெட்டியைப் பார்த்தார்.

"கோவிச்சுக்கிட்டு மிஷினே நேர்ல வந்துருச்சு" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை.

அவர் யாமினியிடம் திரும்பினார். "குருவே, இந்தப் பாட்டை எப்படி முடிக்கறது?"

"உங்களுக்கு ஏனுங்ணா முடிக்க வரலை?"

அவர் குச்சிகளை உள்ளங்கையில் உருட்டினார். "மரகதம் இருந்த வரைக்கும் வீட்டுல தையல் மிஷின் ஓடிட்டே இருக்கும்" என்றார். மரகதம் அவருடைய மனைவி. மழைக்காலத் தொடக்கத்தில் காலமாகிவிட்டாள். "இங்க அடி நின்னா நான் வீட்டுக்குப் போகோணும். கதவைத் திறந்தா ஒரு சத்தம் இருக்காது. கை நிக்க மாட்டேங்குது, அம்மிணி."

யாமினி பெட்டியின் பொத்தான் ஒன்றை அழுத்தினாள். அவருடைய தாளம் அதிலிருந்து பிசகாமல் வந்தது. அவள் கீபோர்டில் கை வைத்தாள். ஹாரூனைப் பார்த்துத் தலையசைத்தாள். அவனும் வாசிக்கத் தொடங்கினான்.

"நீங்க வீட்டுக்குப் போங்ணா" என்றாள்.

நாச்சிமுத்துவின் முகம் வாடிப்போயிற்று. "அவ்வளவுதானா?"

"இல்லீங். நாங்க நிறுத்தாம வாசிக்கறோம். பாட்டு எங்க முடியுதுன்னு பார்த்துட்டு வந்து சொல்லுங்க."

அவர் வெளியே வந்தார். தூறல் அப்போதுதான் விட்டிருந்தது. தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. தேங்கிய நீரில் விளக்குகள் மிதந்தன. பாட்டும் அவருடன் தெருவில் இறங்கி நடந்தது.

நடக்க நடக்க அது மெலிந்தது. கீபோர்டின் மின்மினிச் சத்தங்கள் முதலில் உதிர்ந்தன. பிறகு கிதார் காற்றில் கரைந்தது. தாளம் மட்டும் கூடவே வந்தது. ஒரு நாய் கொஞ்ச தூரம் துணைக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. தாளம் திரும்பவில்லை. பூமிக்கு அடியில் யாரோ மெதுவாகக் கதவு தட்டுவதுபோல இருந்தது.

வீடு வந்தது. அவர் பூட்டைத் திறந்தார். விளக்குப் போடாமல் உள்ளே போனார்.

அவர் ஷெட்டுக்குத் திரும்பியபோது நன்றாக இருட்டிவிட்டது. இருவரும் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"வந்துட்டீங்களா! விரல் போச்சுங்ணா!" என்றான் ஹாரூன்.

யாமினி பெட்டியை நிறுத்தினாள். "பாட்டு எங்க முடிஞ்சுதுங்ணா?"

"கீபோர்டு பால் பூத் பக்கத்துல நின்னுபோச்சு. கிதார் தண்ணித் தொட்டி வரைக்கும் வந்துது."

"தாளம்?"

"வீட்டுக்குள்ள வந்துது."

"அங்க சத்தம் கேட்டுதுங்களா?"

"இல்லை. ஒரு சத்தமும் இல்லை." அவர் யோசித்துச் சொன்னார். "தையல் மிஷின் முன்னால அவ முக்காலி இருக்குது. அதுல உக்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழிச்சுக் கீழ பார்த்தா, என் கால் அதே தாளத்துல ஆடிட்டிருக்குது."

யாமினி காரின் டிக்கியைத் திறந்தாள். பெட்டியை உள்ளே வைத்து மூடினாள். குச்சிகளை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"அப்ப இங்க நிறுத்தலாங்ணா" என்றாள்.

அவர் உட்கார்ந்தார். மூவரும் வாசித்தார்கள். ஹாரூன் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தான். மேகங்கள் சேர்ந்தன, கலைந்தன, மறுபடி சேர்ந்தன.

யாமினி தலையசைத்தாள்.

மூவரும் ஒன்றாக நிறுத்தினார்கள். ஷெட்டில் சத்தமே இல்லை. வெளியே கூரையிலிருந்து மழைநீர் சொட்டுவதுகூட நின்றிருந்தது.

நாச்சிமுத்து குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டார். கால் ஆடுகிறதா என்று கீழே பார்க்கவில்லை.