நடந்து வந்தவருக்கு அவசரம் கிடையாது

காப்பீடும் ஒரே கம்பெனியுடையது, ஆஸ்பத்திரியும் அதே கம்பெனியுடையது. ஒரே கார்டில் எல்லாம் முடிந்துவிடும் என்று சொல்லித்தான் பவுன்தாய் குடும்பத்தைத் திட்டத்தில் சேர்த்தார்கள். அன்றைக்கு அவள் புருஷன் காசிமாயன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். வரிசையில் நின்று நீட்டிய கார்டை ஆஸ்பத்திரி மேனேஜர் தொடக்கூட இல்லை.

"குடும்ப டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு எங்கம்மா?"

"அவர் லீவுல இருக்காரு சார். இவருக்கு நெஞ்சு வலிக்குது."

"சீட்டு இல்லாம எமர்ஜென்சி மட்டுந்தான் பார்ப்போம். ஸ்ட்ரெச்சர்ல வந்தாத்தான் எமர்ஜென்சி. இவரு நடந்துல்ல வந்திருக்காரு? திங்கக்கிழமை வாங்க."

பவுன்தாய் சண்டை போடவில்லை.

"ஏங்க, அப்படியே கீழ படுங்க" என்றாள். காசிமாயன் வழியை மறித்துப் படுத்துவிட்டார்.

"என்னம்மா இது, எந்திரிக்கச் சொல்லு."

"இனி அவர் நடக்க மாட்டாரு சார். வேணும்னா தூக்கி வெளிய போடுங்க."

வரிசையே எட்டிப் பார்த்தது. மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு, அவரை வெளியே கொண்டுபோக ஸ்ட்ரெச்சரை வரவழைத்தார். புருஷனை ஏற்றியதும் பவுன்தாய் கேட்டாள்:

"இப்ப ஸ்ட்ரெச்சர்லதான் இருக்காரு. உள்ள கொண்டு போகலாமா சார்?"

வரிசை கொல்லென்று சிரித்தது. மேனேஜர் ஒதுங்கி வழி விட்டார். ஸ்ட்ரெச்சர் உள்ளே போனது.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் ஈ.சி.ஜி. தாளோடு வெளியே வந்தார்.

"பெரிய அட்டாக். பிழைச்சுக்குவாரு. இன்னும் பத்தடி நடந்திருந்தா ஆள் போயிருப்பாரு. இவரை நடந்தே திரும்பிப் போகச் சொன்னாங்களாமே, யாரு அது?"

சிரித்த வரிசையில் ஒருத்தர்கூட இப்போது சிரிக்கவில்லை. எல்லோரும் மேனேஜரையே பார்த்தார்கள்.