ஆஸ்பத்திரியில் பரிவட்டம்

பூவாணிப்பட்டிக்காரர்கள் வீட்டுக்கு வீடு வசூல் பண்ணி ஆஸ்பத்திரிக்குச் சாமான்கள் வாங்கிவிட்டார்கள். பிரசவ வார்டுக்குக் கூரை போடத்தான் பணம் இல்லை. ரைஸ்மில் முதலாளி தில்லைக்கண்ணு செக்கோடு வந்தார். கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது.

"கோயில்ல மொத மரியாதை எனக்குத்தானே? இங்கயும் அப்படித்தான். எந்தச் சாமானா இருந்தாலும் மொதல்ல எனக்கு, அப்புறந்தான் ஊருக்கு. இல்லேன்னா செக் கெடையாது."

டாக்டர் கூரையில்லாத வார்டைத் திரும்பிப் பார்த்தார். ஆயா செம்பாயி துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு முன்னால் வந்தாள்.

"நியாயந்தானுங்களே! வாங்க மொதலாளி, இது பல்லு புடுங்குற நாற்காலி. மொத பல்லு உங்களுது."

வேடிக்கை பார்க்க வந்திருந்த ஊர்க்கூட்டம் சிரிப்பை அடக்க வாயைப் பொத்தியது. முதலாளி பல்லைக் காப்பாற்ற வாயைப் பொத்தினார்.

"அதெல்லாம் சில்லறைச் சாமான். இருக்கறதுலயே வெலை கூடினது எது? அதுக்கு மட்டும் மரியாதை பண்ணு, போதும்."

செம்பாயி மூலையில் இருந்த நீளப் பெட்டியின் மேல் கிடந்த துணியை விலக்கினாள்.

"இதுதானுங்க. பொணம் வைக்கிற குளிர்பெட்டி. காலையிலயே ஜில்லுன்னு ஆக்கி வச்சிருக்கேன். உங்களுக்கு வாங்கின மாலையும் தயார். ஏறிப் படுங்க."

முதலாளி செக்கை டாக்டர் கையில் திணித்தார்.

"ஊரு மொதல்ல போகட்டும் தாயி. நான் கடைசியா வர்றேன்."