விழுந்து காட்டிய மாணவர்கள்

மலையடிவாரக் காட்டில் ஒரு சுனை இருந்தது. அதற்குச் சற்றுத் தள்ளி, ஒரு மருதமரத்தின் கீழ், உடும்பு ஒன்று தற்காப்புக் கலை சொல்லிக்கொடுத்து வந்தது. முயல், மரநாய், முள்ளம்பன்றி மூன்றும் அதனிடம் பயின்றன.

யாரையும் கடிக்கக் கூடாது. காயப்படுத்தக் கூடாது. பாய்ந்து வருகிறவரின் வேகத்தைக் கொண்டே அவரை விலக்கிவிட வேண்டும். இதுதான் அந்தப் பள்ளியின் விதி.

ஆரம்பத்தில் உடும்பு பிடியைத்தான் கற்றுக்கொடுத்தது. "நகத்தைத் தரையில் ஊன்று! விடாதே!" என்று கத்தும். சில வருடங்களில் அது போதாது என்று அதற்குத் தோன்றியது. பிடி நகத்தில் இல்லை, மூச்சில் இருக்கிறது என்று நினைத்தது. பாடம் மாறியது.

"மூச்சை அடிவயிற்றில் நிறுத்து. பலம் உள்ளேயிருந்து வரும்!"

இந்த உள்பலம் அருமையாக வேலை செய்தது. மரநாய் பாய்ந்து வரும். உடும்பு மூச்சை இழுத்து வாலை லேசாக அசைக்கும். மரநாய் உருண்டு விழும். நாளடைவில் வாலும் தேவைப்படவில்லை. உடும்பு மூச்சை இழுத்தாலே போதும், முயல் மல்லாந்துவிடும்!

அந்தக் கோடையில் சுனை வற்றத் தொடங்கியது. எங்கிருந்தோ ஒரு காட்டுப்பன்றி வந்து, சுனைக்குப் போகும் ஒரே வழியை மறித்துக்கொண்டது.

"தண்ணி எனக்கே பத்தாது. ஒருத்தரும் வரக் கூடாது!"

"அண்ணே, நான் குடிச்சா சுனை வத்திடுமா?" என்று கேட்டது முயல்.

"உன்னை விட்டா உன் பிள்ளைகுட்டி வரும். அது எத்தனைன்னு உனக்கே தெரியாது. போ!"

வேறு தண்ணீர் மலைக்கு அந்தப் பக்கம்தான். முயலின் குட்டிகளால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. அவற்றின் நாக்கு ஏற்கெனவே வறண்டிருந்தது.

"எதுக்குக் கவலை? நம்ம வாத்தியார் இருக்கார்!" என்றது மரநாய்.

உடும்பு போய் வழியில் நின்றது. மூச்சை இழுத்து அடிவயிற்றில் நிறுத்தியது. காட்டுப்பன்றி ஓடி வந்தது. அடுத்த நொடி உடும்பு முட்புதருக்குள் கிடந்தது.

"இதுதான் உள்பலமா? வெளிப்பலமே தேவலை போலிருக்கே!" என்று காட்டுப்பன்றி சிரித்தது.

மாணவர்கள் உடும்பை மருதமரத்தடிக்குத் தூக்கி வந்தார்கள். முள்ளம்பன்றி ஒவ்வொரு முள்ளாகப் பிடுங்கியது. அதற்கு முள்ளைக் கண்டு பயமில்லை.

உடும்பு மெதுவாகக் கேட்டது: "உண்மையைச் சொல்லுங்க. இத்தனை நாளா நீங்க நிஜமாவே விழுந்தீங்களா?"

முயல்தான் முதலில் பேசியது. "நான் சேர்ந்த அன்னிக்கே மரநாய் அண்ணன் சொன்னார். வாத்தியார் மூச்சு இழுத்தா விழுந்துடணும், அதுதான் மரியாதைன்னு."

"டேய், என்னை ஏன் மாட்டிவிடறே? எனக்கு முள்ளம்பன்றி அண்ணன் சொன்னார்!"

முள்ளம்பன்றி தலையைக் குனிந்துகொண்டது. "முதல்ல நிஜமாத்தான் விழுந்தேன் வாத்தியாரே. ஒருநாள் விழலை. அன்னிக்கு உங்க முகம் வாடிப்போச்சு. மறுநாள்லேருந்து விழுந்துட்டேன்."

உடும்புக்குக் கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

"தப்பு என்னோடதுதான். விழலைன்னு நீங்க சொல்ல முடியாதபடி நான் இருந்திருக்கேன். எழுந்திருங்க, இப்பவே தள்ளுங்க. நான் விழவச்சா மட்டும் விழுங்க!"

அன்று பிற்பகல் முழுவதும் உடும்பு அடிபட்டது. முயல் உதைத்தது. மரநாய் உருட்டிவிட்டது. உள்பலம் யாரையும் அசைக்கவில்லை. கடைசியில், தரையைப் பற்றிக்கொள்ளக்கூடத் தெம்பில்லாமல் உடும்பு தளர்ந்து நின்றது. அப்போது மரநாய் மறுபடியும் பாய்ந்தது.

மரநாயின் தோள் தன் மேல் பட்டதும், எடை எந்தப் பக்கம் போகிறது என்று உடும்புக்குத் தெரிந்தது. உடும்பும் அந்தப் பக்கமே கொஞ்ச தூரம் கூடவே போய், மெல்லத் திரும்பியது. மரநாய் அதைத் தாண்டிப் போய்க் குப்புற விழுந்தது.

"மரியாதைக்கு விழுந்தியா?"

"சத்தியமா இல்லை! கால் எங்கே போச்சுன்னே தெரியலை வாத்தியாரே!"

உடும்பு யோசித்தது. மூச்சு பொய்யில்லை. ஆனால் அந்த மூச்சால் இவ்வளவு நாளும் தன்னையே இறுக்கிக்கொண்டிருந்தது. எதிரில் வருகிறவரைக் கவனிக்கவே இல்லை. உடம்பைத் தளர்த்தி மீண்டும் மீண்டும் செய்து பார்த்தது. சில தடவை வந்தது, சில தடவை வரவில்லை. முழுதாகத் தேறும்வரை காத்திருக்க நேரமில்லை. முயல்குட்டிகள் சுருண்டு படுத்துவிட்டன.

வெயில் தாழ்ந்ததும் உடும்பு மீண்டும் சுனைக்குப் போனது.

"மறுபடியும் வந்துட்டியா?" காட்டுப்பன்றி சீறிக்கொண்டு வந்தது.

முதல் பாய்ச்சலில் உடும்பின் விலாவில் சிராய்ப்பு விழுந்தது. அடுத்த பாய்ச்சலில் அது பன்றியின் தோளை ஒட்டிக்கொண்டு கூடவே போய்த் திரும்பியது. காட்டுப்பன்றி சறுக்கிக்கொண்டே போய்ச் சுனையோரச் சேற்றில் விழுந்தது. எழுந்து வந்தது. மறுபடியும் சேறு! மூச்சு வாங்க, அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

"நீ கடிக்கலை, அடிக்கலை. நான் மட்டும் எப்படி விழறேன்?"

"நீங்க போற பக்கமே நானும் வந்தேன், அவ்வளவுதான் அண்ணே."

காட்டுப்பன்றி குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டது: "எல்லாரும் குடிச்சுத் தண்ணி தீர்ந்துட்டா?"

"தீர்ந்தா, சேர்ந்து மலைக்கு அந்தப் பக்கம் போவோம். குட்டிகளை நாங்க சுமக்கிறோம். நீங்க முன்னால போனா எந்தப் புதரும் வழிவிடும்."

அது காட்டுப்பன்றிக்குப் பிடித்திருந்தது. சேற்றில் நன்றாகச் சாய்ந்து படுத்து, வழியை விட்டது. முயல்குட்டிகள் வயிறு முட்டக் குடித்தன.

மறுநாள் காலை மரநாய் கேட்டது: "அப்போ பழைய பாடமெல்லாம் பொய்யா வாத்தியாரே?"

"பொய் இல்லை, பாதி. இப்போ சொல்றதும் பாதியாத்தான் இருக்கும். தள்ளிப் பார்த்தாத்தானே தெரியும்!"

முயல் தயங்கித் தயங்கித் தள்ளியது. உடும்பு தொப்பென்று மல்லாந்து விழுந்தது. முயல் பதறிப் பின்னால் துள்ளியது. உடும்போ படுத்தபடியே கண்களை விரித்தது.

"நிஜமாவே விழுந்துட்டேன்! எப்படிடா செஞ்சே? எங்கே, இன்னொரு தடவை!"

தான் சொல்வது தவறாக இருக்கலாம் என்று சோதித்துப் பார்க்க இடம் கொடுப்பவரிடம்தான் கல்வி வளரும்.