தலைகீழாய் நட்ட குச்சி

மலைமேல் ஏரிக்கரையில் ஒரு ஆசிரமம். அதற்குக் குரு செல்லம்மை. வயது நாற்பத்தைந்துதான். சீடர் அருமைநாயகத்துக்கோ அறுபத்திரண்டு. முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்ந்த பிறகு வந்து சேர்ந்தவர்.

கரையில் ஒரு வில்லோ மரம். கொப்பெல்லாம் தலைமுடியை விரித்துப் போட்ட மாதிரி தண்ணீரைப் பார்த்துத் தொங்கும். அதில் பன்னிரண்டு குச்சி வெட்டிக் கரையோரம் நடச் சொன்னார் குரு. நாயகம் வெட்டினார். மரத்தில் எப்படித் தொங்கியதோ அப்படியே சேற்றில் செருகிவிட்டார்.

மற்ற சீடர்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"டிரைவரே, ரிவர்ஸ்லயே நட்டுட்டீங்களே! தொங்குற மரத்துல கீழே இருக்கிறதுதானே நுனி? நுனியைப் புதைச்சு அடியை வானத்துக்குக் காட்டிட்டீங்க."

ஒரு மாதம் அந்தச் சிரிப்பு அவர் காதிலேயே கிடந்தது. ஒருநாள் காலையில் துணிமூட்டையோடு குருவிடம் வந்தார்.

"கிளம்புறேன் தாயி."

"ஏன் பெரியவரே?"

"இவங்கல்லாம் சின்ன வயசுல வந்தவங்க. நான் ஆயுசோட வால் பக்கத்துல வந்து ஆரம்பிச்சிருக்கேன். கண்ணை மூடினா பஸ் ஹாரன்தான் கேக்குது. ஒரு குச்சி நடக்கூடத் துப்பில்லை. எனக்கு இதெல்லாம் ஒட்டுமா, ஒட்டாதா? அதை மட்டும் சொல்லிடுங்க, போயிடுறேன்."

குரு எழுந்து கரைக்கு நடந்தார். நாயகமும் மூட்டையோடு பின்னால் போனார்.

"இந்த மரத்துக்கு எந்த ஊர் தெரியுமா?"

"தெரியாது தாயி."

"சீன தேசம். வேரோட யாரும் கொண்டு வரலை. குச்சியா ஒடிச்சு, ஈரத்துணி சுத்தி, கைமாறிக் கைமாறி வந்தது."

நாயகத்துக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"நான் கேட்டது வேற தாயி."

"ஒரு குச்சியை மெல்லக் கிளறி எடுங்க."

எடுத்தார். சேற்றுக்குள் இருந்த நுனியில் வெள்ளை வெள்ளையாய் வேர். மேலே ஒரு துளிர், கீழே பார்த்துக் கிளம்பி, பாதியில் வளைந்து வெயிலைப் பார்த்திருந்தது.

"அப்போ நான் நட்டது சரியா?"

"தப்புதான்."

"தப்புன்னா இது எப்படி..."

"வேர் காயுது. சீக்கிரம் நடுங்க."

நாயகம் மூட்டையைக் கீழே வைத்தார். குச்சியை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். இந்தத் தடவையாவது ஒழுங்காக நட வேண்டுமே!

"எந்தப் பக்கம் தாயி கீழே?"

"வேர் எந்தப் பக்கம் இருக்கு பெரியவரே?"