வாயால் கட்டிய கூடு

வாயாலேயே கூடு கட்டிய குருவியைப் பற்றிக் கேட்டதுண்டா, பிள்ளைகளே?

ஒரு காட்டில், குளத்தின்மேல் சாய்ந்து நின்ற பனைமரத்தில், ஓர் ஆண் தூக்கணாங்குருவி கூடு பின்னியது. கெட்டிக்காரக் குருவிதான். ஆனால் அவசரத்தில் பழுத்த ஓலையில் முடிச்சுப் போட்டுவிட்டது. ஆடிக்காற்று அடித்தது ஒரே அடி. ஓலையும் கூடும் தண்ணீரில்!

அன்றிலிருந்து குருவி குளத்தோரக் கல்லே கதியென்று கிடந்தது. மிதக்கும் கூட்டைப் பார்ப்பதும் புலம்புவதும்தான் வேலை.

"பச்சை ஓலையில் கட்டியிருக்கலாமே, தவளையாரே!"

"இதை நேற்றே சொல்லிவிட்டீர்" என்றது தவளை.

"முடிச்சை மூன்று சுற்று சுற்றியிருக்கலாமே!"

"அது முந்தாநாள் சொன்னது" என்று தண்ணீருக்குள் முங்கிக்கொண்டது தவளை.

அதன் ஜோடியான பெண் குருவிக்கோ வயிற்றில் முட்டை. இன்னும் நாலே நாளில் இட்டாக வேண்டும். எங்கே இடுவது? தவளையின் தலையிலா?

"நீங்கள் அழுது முடிக்கும்வரை முட்டை காத்திருக்குமா?" என்று கத்தியது.

"உனக்கென்ன தெரியும்? வாசலையாவது கிழக்கே பார்த்து வைத்திருந்தால்..."

"ஐயோ, மறுபடியுமா!"

விருட்டென்று பறந்துபோய் ஒரு பச்சை நாரைக் கிழித்து வந்தது பெண் குருவி. பச்சை ஓலை ஒன்றில் உட்கார்ந்து, வேண்டுமென்றே கோணல்மாணலாகச் சுற்றியது.

"மூன்று சுற்று என்றீர்களே, இப்படித்தானே?"

ஆண் குருவிக்குப் பொறுக்குமா?

"அட கண்றாவியே! அப்படியா சுற்றுவார்கள்? நகரு, நகரு!"

பறந்து வந்து, மூன்று சுற்று சுற்றி, இழுத்து முடிந்தது.

"பிறகு?"

"பிறகு வளையம்."

"இந்தாருங்கள் நார். பிறகு?"

"காற்றுக்கு முதுகைக் காட்டி, கிழக்கே வாசல்."

'பிறகு, பிறகு' என்று கேட்டுக் கேட்டே நாரை நீட்டியது பெண் குருவி. மூன்றாம் நாள் முக்கால் கூடு தொங்கியது.

கீழேயிருந்து தவளை கூப்பிட்டது. "குருவியாரே! உம்முடைய பழைய கூடு மூழ்கப்போகிறது. கடைசியாக ஒருதரம் பார்க்க வரவில்லையா?"

குருவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அது கிடக்கட்டும் தவளையாரே! உம் கரையிலிருந்து ஓர் உருண்டை ஈரக் களிமண் எடுத்துக் கொடுமேன். உள்ளே பூச வேண்டும்!"

நீதி: கைவிட்டுப் போனதை நினைத்துப் புலம்பாதே, அதில் கற்றதை வைத்து அடுத்ததைக் கட்டு.