முனிரத்தினத்தின் ஏழு கோடுகள்

“டீச்சர், இன்னிக்கும் எங்கப்பா பேரு கிடைக்கலை” என்றார் எத்திராஜ்.

தங்கச் சுரங்கம் மூடிப்போன ஊர் அது. அங்கே பழைய நில வரைபடங்களைக் காத்து வந்தவள் ரோஸ்லின். கேட்டு வருகிறவர்களுக்கு அவற்றைப் படிக்கவும் சொல்லிக்கொடுப்பாள். எத்திராஜ் அவளைவிட இருபது வயது மூத்தவர். மூன்று மாதமாக அவளிடம் மாணவர்.

“வேற யார் பேரெல்லாம் இருந்துச்சு அண்ணே?”

“எல்லாம் தொரைங்க பேருதான். குழிக்கு ஒரு தொரை, தெருவுக்கு ஒரு தொரை. ஒருத்தன் நாயைப் பொதைச்ச இடத்தைக்கூடக் குறிச்சு வெச்சிருக்கான், பாவி!”

அப்பா முனிரத்தினம் முப்பது வருஷம் பூமிக்கடியில் கல்லும் மண்ணுமாய் வண்டி தள்ளியவர். இப்போது படுத்த படுக்கை. அந்தக் காலத்தில் எவனோ ஒரு சர்வேயர், “நீயும் மேப்புல இருக்கய்யா” என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டான். கிழவர் அதைப் பிடித்துக்கொண்டார். தினமும் காலையில் கேட்பார்: “பார்த்தியாடா?”

அவர் கண்ணை மூடுவதற்குள் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். மகனுக்கு வேறு கவலையே இல்லை.

ரோஸ்லின் இரண்டு வரைபடங்களை மேசையில் விரித்தாள்.

“இது உங்கப்பா வேலைக்குச் சேர்ந்த வருஷம் போட்டது. இது அவர் ரிடையர் ஆன வருஷம். ஊருக்குக் கிழக்கே பாருங்க.”

எத்திராஜ் குனிந்து பார்த்தார்.

“பழசுல வெறும் பொட்டல். புதுசுல வட்டத்துக்குள்ள வட்டமா கோடு.”

“அப்படிப் போட்டிருந்தா?”

“மேடு. ஒண்ணு, ரெண்டு... ஏழு கோடு. நல்ல ஒசரம்தான்.”

“முப்பது வருஷத்துல மலை முளைக்குமா அண்ணே?”

“அட, அது மலையா டீச்சர்? தங்கத்தை எடுத்துட்டு மீதி மண்ணைக் கொட்டின...”



ரோஸ்லின் எழுந்து கிழக்கு ஜன்னலைத் திறந்தாள்.

எத்திராஜ் அந்த மேட்டைப் பார்த்துக்கொண்டே அழுதார். ஐம்பத்தெட்டு வயதில், கொஞ்சமும் வெட்கப்படாமல் அழுதார். டீச்சரிடம் சொல்லிக்கொள்ளக்கூட மறந்து வீட்டுக்கு ஓடினார்.

“அப்பா! இருக்கப்பா! மேப்புல நீ இருக்க! கிழக்கே அந்த மண்மேடு, ஏழு கோடு!” விரலால் காற்றில் வட்டம் வட்டமாகப் போட்டுக் காட்டினார்.

கிழவர் அந்த விரலையே பார்த்தார். பொக்கை வாய் மெல்ல விரிந்தது.

“ஏழும் என்னுதில்லடா. மேல ரெண்டு நைட் ஷிப்டு ஆளுங்களுது. அவங்க வீட்டுக்கும் போய்ச் சொல்லிட்டு வா.”