கேக் கசக்கிறதா?

ஏற்காட்டு மலையில் அந்த ஆசிரமத்தில் பௌர்ணமி என்றால் வருகிறவர்களுக்கெல்லாம் சாம்பார் சாதமும் சுண்டலும்தான். அந்த மாதம் குரு பூரணியம்மா திடீரென்று, "எல்லாருக்கும் ஆரஞ்சு சாக்லேட் கேக் போடலாம்" என்றார். தோட்டத்தில் ஆரஞ்சு காய்த்துத் தள்ளியிருந்தது. சாக்லேட்டை யாரோ ஒரு பக்தர் பெட்டி பெட்டியாக இறக்கிவிட்டுப் போயிருந்தார்.

வேலை பொன்னுரங்கத்தின் தலையில் விழுந்தது. சேலத்தில் பேக்கரி வைத்திருந்தவர். தன் நாக்கின்மேல் நம்பிக்கை போய், கடையை மூடிவிட்டு, அம்மாவிடம் சீடராக வந்து சேர்ந்தவர். வயதில் அம்மாவைவிட மூத்தவர். இன்றைக்கும் சொதப்பினால் இனி அடுப்புப் பக்கமே போவதில்லை என்று முடிவு கட்டியிருந்தார்.

முதல் தட்டு வெந்து வந்ததும் ஒரு துண்டை வாயில் போட்டார். ஆரஞ்சுத் தோலின் கசப்பு தெரிந்தது. அடுத்த மாவில் சர்க்கரையைக் கூட்டினார். அது திகட்டியது. மறுபடி தோலைத் துருவிப் போட்டார். கசக்கிற மாதிரியும் இருந்தது, கசக்காத மாதிரியும் இருந்தது. அதற்குப் பிறகு நாக்கு மரத்துப்போய், கேக்கும் அட்டையும் ஒன்றாகிவிட்டது.

காய் நறுக்குகிற ராக்காயியைக் கூப்பிட்டார். "கசக்குதுங்க" என்றாள். மாடு பார்க்கிற வெள்ளியங்கிரி, "ஒரே இனிப்பா இருக்குதுங்களே" என்றான். இரண்டு பேரும் தின்றது ஒரே துண்டை.

பொன்னுரங்கத்துக்குத் தலை சுற்றியது. ஒரு துண்டை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் ஓடினார்.

"நீங்களே சொல்லிடுங்கம்மா. இது நல்லா இருக்கா, இல்லையா?"

"எனக்கு இன்னும் பசிக்கலையே ஐயா."

"ஒரு வாய் போதும்மா. ஜனம் வந்து நிக்குது."

"அப்ப போடச் சொல்லுங்க. நீங்களும் வரிசையில போய் நில்லுங்க. கடைசியில."

"நானா? பண்ணினவனே நான்தானேம்மா?"

"காலையிலேருந்து தின்னுட்டே இருக்கீங்க. போய் நில்லுங்க."

ஒன்றும் புரியாமல் போய் நின்றார். வெயில் ஏறியது. வரிசை நகர்வேனா என்றது. வாங்கியவர்களின் முகத்தை எட்டி எட்டிப் பார்த்தார். மென்றார்கள், பேசினார்கள், கை கழுவப் போனார்கள். ஒன்றும் பிடிபடவில்லை. நல்லதா கெட்டதா என்று ஒரு முகமாவது சொல்லக் கூடாதா என்று அழுகை வந்தது.

அவர் முறை வந்தபோது தட்டு காலி. வெறுங்கையோடு அம்மாவிடம் திரும்பினார்.

"எப்படி ஐயா இருந்தது கேக்?"

"தெரியலம்மா. எனக்குக் கிடைக்கல. தீர்ந்துபோச்சு."

அம்மா தலையாட்டினார்.

பொன்னுரங்கத்துக்குக் கோபமே வந்துவிட்டது. "தீர்ந்துபோனதை வச்சு என்னம்மா சொல்ல முடியும்? பசியோட நின்னவங்க. எதைக் கொடுத்தாலும் தின்னுருப்பாங்க."

"நீங்க வேற யாருக்கு ஐயா பண்ணினீங்க?"